ஓயாத காற்றாடிக்கு மடிப்பு எதற்கு?

சிங்கப்பூரின் தேக்காவில் பஃபலோ சாலையில் ஒரு பக்கம் பழைய கடைவீடுகள், மறுபக்கம் தேக்கா நிலையமும் அதையொட்டி எழுந்து நிற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளும். இரண்டு பக்கமும் காற்றாடி சுழல்கிறது, ஆனால் ஒரே மாதிரி அல்ல. கடைவீட்டில் கூரை உயரம். நீண்ட தண்டில் தொங்கும் இரும்பு இறக்கைகள் ஆளின் தலைக்கு வெகு மேலே, மேலும் கீழும் காற்றுக்கு வேண்டிய இடத்தோடு சுழல்கின்றன. எதிரே உள்ள வீவக வீட்டில் தரைக்கும் கூரைக்கும் இடையே பொதுவாகக் கிடைப்பது 2.6 மீட்டர். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேர் இத்தகைய வீடுகளில் வசிப்பதால், சிங்கப்பூரில் காற்றாடி இறக்கையைப் பற்றிய எந்த ஆய்வும் அந்த 2.6 மீட்டருக்குள்தான் தொடங்க வேண்டும். விளக்குக் கடைகளில் இப்போது ஒரு வகை கண்ணில் படுகிறது. நிறுத்தியிருக்கும்போது அது வெறும் வட்ட விளக்கு. பொத்தானை அழுத்தினால் உள்ளே பதுங்கியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் இறக்கைகள் விரிந்து சுழலத் தொடங்கும். எடை குறைவு, மின்சாரம் மிச்சம், சிறிய வீட்டுக்கு ஏற்றது என்று மூன்று காரணம் சொல்லி விற்கிறார்கள். மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது. எடையைக் குறைப்பதால் மின்கட்டணம் குறைவதில்லை. மடக்கி வைப்பதால் வீடு பெரிதாவதும் இல்லை. எடைக் குறைப்புக்கும் மடிப்புக்கும் வேறு பயன்கள் உண்டு. அந்தப் பயன்களை நோக்கி வடிவமைத்தால் இன்று கடையில் தொங்குவதிலிருந்து நிறையவே மாறுபட்ட ஓர் இறக்கை பிறக்கும்.

முதலில் எடை. கூரையில் தொங்கி வீசிய பழைய கருவி பங்கா: மரச்சட்டத்தில் கட்டிய துணி, அதை இழுக்க ஓர் ஆள். மின்சாரம் வந்ததும் துணி போய், சுழலும் இறக்கை வந்தது. அமெரிக்காவில் பிலிப் டீல் 1880களில் தையல் இயந்திர மோட்டாரோடு இறக்கைகளைப் பொருத்தி உருவாக்கியது சில ஆண்டுகளிலேயே கடல் கடந்தது. 1899இல் திறந்த ராஃபிள்ஸ் ஹோட்டலின் முதன்மைக் கட்டடத்தில் மின்விளக்குகளோடு காற்றாடிகளும் இருந்தன. அதன் பிறகு நம் பக்கத்தில் நிலைத்தது மூன்று உலோக இறக்கை கொண்ட வடிவம். சிங்கப்பூரில் கேடிகே என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவதும், சென்னையிலோ மதுரையிலோ பிறந்தவர்கள் க்ராம்ப்டன், உஷா என்று பெயர் சொல்வதும் அதைத்தான். தகட்டை வெட்டி, சற்றே வளைத்து, திருகாணி போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. மலிவு, உறுதி, ஈரத்தில் நெளியாது. அமெரிக்க வீடுகளின் ஐந்து மர இறக்கைகள் இங்கே எடுபடாததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணம் இல்லை. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் மரத்தூள் பலகை நீர் குடித்துத் தொய்ந்துவிடும்.

உலோகத்தை விட்டு இலேசான பிளாஸ்டிக்குக்குப் போனால் என்ன கிடைக்கும்? ஓர் இறக்கை 400 கிராம், சுழற்சியின் விட்டம் 1.2 மீட்டர், நிமிடத்துக்கு 250 சுற்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று இறக்கைகளும் சேர்ந்து தேக்கி வைத்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 50 ஜூல். இப்போது பரவலாகிவிட்ட டிசி மோட்டார் 30 வாட் அளவில் ஓடுகிறது. அந்த 50 ஜூலை அது இரண்டு நொடிக்குள் கொடுத்துவிடும். எடையை எவ்வளவு குறைத்தாலும் மிச்சமாவது, காற்றாடியைப் போடும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு நொடி மின்சாரத்தில் ஒரு பங்குதான். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் ஓடும்போது மின்சாரம் செலவாவது காற்றைத் தள்ளுவதிலும் மோட்டார் சூடாவதிலும். இறக்கையின் எடை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. பழைய மோட்டார் 70, 75 வாட் எடுத்த இடத்தில் புதியது 30 வாட்டில் முடிக்கிறது என்றால் பெருமை மோட்டாருக்கு உரியது. மடங்கும் இறக்கைக் காற்றாடிகளில் பலவற்றில் டிசி மோட்டார் இருப்பதால், அந்தப் பெருமையை இறக்கை தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

எடைக் குறைப்பின் உண்மையான வரவு வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன 400 கிராம் இறக்கை சுழலும்போது தன் பிடியை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமம். 150 கிராம் இறக்கை என்றால் அது 4 கிலோவுக்கும் கீழே இறங்கும். திருகாணி, தகடு, தண்டு, கூரைக் கொக்கி எல்லாவற்றின் சுமையும் அதனோடு குறையும். ஓர் இறக்கையின் நுனிப் பக்கம் பத்து கிராம் அழுக்கு கூடுதலாகப் படிந்துவிட்டால், அது மட்டுமே நொடிக்கு நான்கு முறை திசை மாறும் ஓர் இழுப்பைத் தண்டில் உண்டாக்கும். காற்றாடி ‘ஆடுகிறது’ என்று நாம் சொல்வது அதைத்தான். இறக்கை எவ்வளவு இலேசோ அவ்வளவு எளிதில் அதன் சமநிலையும் குலையும் என்ற எதிர்வாதம் இங்கே எழும். அது முழுச் சரி இல்லை. ஆட்டத்தை உண்டாக்குவது இறக்கைகளுக்கு இடையிலான எடை வேறுபாடு. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் இறக்கைகளில் அந்த வேறுபாட்டைக் கிராம் கணக்கில் கட்டுப்படுத்த முடியும். எதிர்வாதத்தில் உண்மையான பங்கு ஒன்று உண்டு: மெல்லிய பிளாஸ்டிக் நாளடைவில் தன் எடையாலேயே தொய்யும், கோணம் மாறும். கண்ணாடி இழை கலந்தால் தொய்வு குறையும், விலை ஏறும்.

காற்றின் அளவையும் மின்சாரத்தையும் தீர்மானிப்பது இறக்கையின் உருவம். இதற்கு மிகத் தெளிவான சான்று ஃப்ளோரிடா சூரிய ஆற்றல் மையத்தில் டேனி பார்க்கர் குழுவினர் 1990களின் இறுதியில் செய்த வேலை. தட்டையான பலகைக்குப் பதிலாக, நடுவே அகலமாகவும் செங்குத்தாகவும், நுனியை நெருங்க நெருங்கக் குறுகலாகவும் சாய்வாகவும் முறுகிய இறக்கையை அவர்கள் வடிவமைத்தார்கள். அதே மின்சாரத்தில் சுமார் 40 விழுக்காடு கூடுதல் காற்று கிடைத்ததாக அறிவித்தார்கள். ‘காசமர் விண்ட்’ என்று அதற்குப் பெயர் வைத்ததில் ஒரு வம்சாவளி இருக்கிறது. 1979இல் மனிதக் கால்மிதி ஆற்றலால் மட்டுமே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ‘காசமர் ஆல்பட்ராஸ்’ விமானத்தை உருவாக்கிய பால் மக்ரெடியின் நிறுவனம் இந்த இறக்கை வடிவமைப்பிலும் பங்கெடுத்தது. முறுக்கு ஏன் தேவை என்பது எளிய கணக்கு. நிமிடத்துக்கு 250 சுற்றில், மையத்திலிருந்து 20 செண்டிமீட்டரில் இறக்கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது. 60 செண்டிமீட்டரில் உள்ள நுனியோ 15 மீட்டரைத் தாண்டுகிறது, அதாவது மணிக்கு 56 கிலோமீட்டர். இவ்வளவு வேறுபட்ட வேகங்களுக்கு ஒரே சாய்வு பொருந்தாது. தட்டை இறக்கையில் ஏதோ ஒரு பகுதி மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். மற்றவை காற்றைக் கலக்கி இரைச்சலை உண்டாக்கும்.

மடிப்பின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் உருவாகி ஃபேன்அவே என்ற பெயரில் பரவிய வகையையும் அதன் பல சாயல்களையும் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் விளக்கோடு ஒரு வட்டத் தட்டு. அதன் மேல் ஒவ்வொரு இறக்கையும் செங்குத்தான ஒரு முளையில் திரும்பும்படி பொருத்தப்பட்டிருக்கும். சுழற்சி தொடங்கியதும் வெளிநோக்கு விசை இறக்கைகளை விரிக்கும். நிறுத்தினால் வில்கள் அவற்றை உள்ளே இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். எல்லா இறக்கையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு விரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம். பொறியியல் புத்திசாலித்தனம் என்ற அளவில் இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அடுக்கி வைக்க வேண்டுமானால் இறக்கை தட்டையாக இருந்தாக வேண்டும். முறுகிய இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இடம் பிடிக்கும், தட்டு தடிக்கும். வட்டத்துக்குள் ஒடுங்க வேண்டுமானால் குறுகலாகவும் அரிவாள்போல வளைந்தும் இருந்தாக வேண்டும். ஆக, காற்றுக்கு எது நல்லதோ அதையெல்லாம் மடிப்புக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். நடுவில் அந்தப் பெரிய தட்டு காற்றை மறைக்கிறதே என்று சிலர் குறை சொல்வதுண்டு. அது பெரிய குறை அல்ல, காற்றில் பெரும்பகுதி இறக்கையின் வெளிப்பாதியிலிருந்துதான் வருகிறது. குறை அந்த வெளிப்பாதி தட்டையாகிவிடுவதில். இழந்த காற்றை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டினால் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏறும். வேகம் கால் பங்கு கூடினால் மின்தேவை ஏறத்தாழ இரு மடங்கு.

மடங்கும் சுழலிகள் உலகில் வேறு எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது பயன் தரும். பாய்மரப் படகில் இயந்திரம் ஓடாதபோது விரிந்து நிற்கும் உந்தி தண்ணீரில் இழுபடும், வேகத்தைத் தின்னும், அதனால் மடக்குகிறார்கள். போர்க்கப்பல் தளத்தில் நிற்கும் ஹெலிகாப்டரின் இறக்கைகள் மடங்காவிட்டால் கொட்டகைக்குள் போகாது. இரண்டிலும் சும்மா நிற்கும் நேரம் நீண்டது, சும்மா விரிந்து நிற்பதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. கூரைக் காற்றாடிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால், ஆஸ்திரேலியாவில் ஒரு பதில் கிடைக்கும். மெல்பர்னில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 14 டிகிரியை ஒட்டியே நிற்கும். மாதக்கணக்கில் காற்றாடி தூங்கும். தூங்கும் காற்றாடி கண்ணை உறுத்தும். சிங்கப்பூரில் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கும் மிக வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் இடையே இரண்டு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. இங்கே ஆண்டு முழுவதும், வீட்டில் ஆள் இருக்கும் நேரமெல்லாம், காற்றாடி ஓடிக்கொண்டிருக்கும். மடங்கிய அழகைப் பார்க்க வீட்டில் யாரும் இல்லாத வேளையில்தான் அது மடங்கியிருக்கும். பருவங்கள் உள்ள நாட்டில் பிறந்த தீர்வு, பருவமே இல்லாத ஊருக்கு அப்படியே விற்கப்படுகிறது.

இதற்கு மறுப்பு தயாராக இருக்கிறது: சிங்கப்பூர் வீடுகளில் இரவெல்லாம் ஏசி ஓடுகிறதே, அப்போது காற்றாடி சும்மாதானே இருக்கும்? பத்து ஆண்டுகளுக்கு முன் இந்த மறுப்பு வலுவானது. இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. வீட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ கால் பங்கை ஏசி எடுத்துக்கொள்கிறது என்பதால், அதை 25 டிகிரிக்குக் கீழே இறக்காமல் காற்றாடியையும் சேர்த்துப் போடுங்கள் என்பதே அரசாங்கத்தின் வேண்டுகோள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறக்கப்பட்ட எஸ்டிஇ4 கட்டடம் இதே தத்துவத்தில் இயங்குகிறது: மிதமாகக் குளிர்ந்த காற்று, மேலே ஓயாமல் சுழலும் காற்றாடிகள். கட்டட, கட்டுமான ஆணையத்தின் வளாகத்தில் ஓர் அலுவலகத்தில் நடந்த ஆய்வு இன்னும் நேரடியானது. ஏசியை 24 டிகிரியிலிருந்து 26.5 டிகிரிக்கு ஏற்றி, காற்றாடிகளைச் சேர்த்தபோது, குளிரூட்டும் மின்சாரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஊழியர்களின் வசதி குறையவில்லை. ஏசியும் காற்றாடியும் ஒன்றையொன்று விரட்டும் என்ற பழைய எண்ணம் போய், இரண்டும் சேர்ந்து ஓடுவதுதான் வழக்கமாகப் போகிறது. அப்படியானால் காற்றாடி மடங்குவதற்கு இரவும் கிடையாது.

அழகு பற்றிய வாதத்தை அதிகம் நோண்ட வேண்டியதில்லை; பிடித்தவர் வாங்கிக்கொள்ளட்டும். தாழ்ந்த கூரை பற்றிய வாதம் அப்படித் தள்ளக்கூடியது அல்ல. வீட்டுக் காற்றாடிகளுக்கான பன்னாட்டுப் பாதுகாப்புத் தரமான ஐஇசி 60335-2-80, இறக்கைகள் தரையிலிருந்து 2.3 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. 2.6 மீட்டர் கூரையில் மீதம் 30 செண்டிமீட்டர். வீட்டைப் புதுப்பிக்கும்போது விளக்குகளைப் பதிக்க ஃபால்ஸ் சீலிங் போட்டால் 15, 20 செண்டிமீட்டர் அதிலும் போய்விடும். கூரையை ஒட்டிச் சுழலும் இறக்கைக்கு மேலிருந்து உறிஞ்சக் காற்று போதாது. எவ்வளவு நல்ல உருவமாக இருந்தாலும் மூச்சுத் திணறும். மடங்கும் இறக்கை இந்தச் சிக்கலுக்கு எதுவும் செய்வதில்லை. விரிந்த நிலையில் அதற்கும் அதே 30 செண்டிமீட்டர்தான். தட்டுக்கு மேல் இறக்கைகளை அடுக்கும் அமைப்பால் அது கூரையை இன்னும் நெருங்குகிறது என்றுகூடச் சொல்லலாம். ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே இறக்கை வெட்டி வெட்டிப் போகும்போது உண்டாகும் மினுக்கலும் அப்படியே. காற்றாடி ஓடும்போதுதான் அந்தத் தொல்லை. மடிப்பு உதவுவதோ ஓடாதபோது. இதற்கு ஒளி ஊடுருவும் இறக்கை ஓரளவு மருந்து, விளக்கைச் சுழல்வட்டத்துக்கு வெளியே வைப்பது முழு மருந்து.

துடைப்பதைப் பற்றி விளம்பரங்களில் ஒரு வரியும் இருக்காது, வீட்டில் இருப்பவர்களுக்கோ அதுதான் முக்கியம். உலோக இறக்கையின் மேல்பக்கத்தை ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைக்கலாம். அடுக்கி மடங்கும் இறக்கையில், ஏணியில் நின்றபடி ஒரு கையால் வில்லின் இழுப்பை எதிர்த்து இறக்கையை வெளியே பிடித்துக்கொண்டு, மறுகையால் துடைக்க வேண்டும். கையை விட்டால் அது உள்ளே ஓடிவிடும். சமையலறைப் புகையும் தாளிப்பு எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்கு, இறக்கை திரும்பும் முளையில்தான் முதலில் சேரும். முளை இறுகினால் ஓர் இறக்கை மற்றவற்றைவிடத் தாமதமாக விரியும், ஆட்டம் தொடங்கும். திறந்து மூடுவதால் முளை தேய்வதில்லை. நாளுக்கு இரண்டு முறை என்றாலும் ஆண்டுக்கு எழுநூறைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஓடும்போது ஏற்படும் நுண்ணிய அதிர்வுதான் அதைத் தின்கிறது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் காற்றாடி ஆண்டுக்கு ஆறரைக் கோடிச் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை அசைவு போதும்.

அப்படியானால் மடிப்பையே விட்டுவிடலாமா என்றால், கூடாது. அதற்கு உரிய இடம் ஒன்று உண்டு, அதைத்தான் வடிவமைப்பாளர்கள் கவனிக்கவில்லை. ஈரடுக்குக் கட்டிலில் மேல்தட்டு மெத்தை தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தால், அதில் எழுந்து உட்காரும் பெரியவரின் உச்சந்தலை 2.4 மீட்டருக்கு அருகே வரும். தரம் சொல்லும் 2.3 மீட்டரை அது தாண்டிவிட்டது. தரைதான் அளவுகோல் என்று எழுதியவர்கள் மேல்கட்டிலை நினைக்கவில்லை. பிள்ளைகளின் அறையிலும், வெளிநாட்டு ஊழியர்களின் தங்குவிடுதியிலும் இது அன்றாட நிலை. தங்குவிடுதிகளில் கூண்டு போட்ட சுவர்க் காற்றாடிகளை வைப்பது பாதுகாப்பானது என்பது உண்மை. ஆனால் அவற்றின் காற்று ஒரு கட்டிலுக்குப் போய் அடுத்த கட்டிலின் சட்டத்தில் முட்டி நிற்கும். கூரைக் காற்றாடியே வேண்டுமென்றால், இலேசும் மடிப்பும் அங்கே உயிர்காக்கும் வேலை செய்யும். முன்பு சொன்ன 400 கிராம் இறக்கை ஒன்றில் இருக்கும் ஆற்றல் சுமார் 16 ஜூல். ஒரு கிலோ எடை 1.7 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதே வேகத்தில் 100 கிராம் இறக்கையில் 4 ஜூல்தான் இருக்கும். அந்த 100 கிராமும் கையில் பட்டவுடன் பின்னோக்கி மடிந்து கொடுத்தால், படுவது அடியாக இல்லாமல் தட்டலாக முடியும்.

இந்த மடிப்பு கடையில் விற்கும் மடிப்புக்கு நேர் எதிர். நிறுத்தினால் ஒடுங்க வேண்டியதில்லை, அடுக்க வேண்டியதில்லை, ஆகவே தட்டையாக இருக்க வேண்டியதும் இல்லை. ஃப்ளோரிடாக் குழுவின் இறக்கையைப் போல முறுகியே இருக்கலாம். ஓடும்போது முளை இறுகப் பூட்டியிருக்கும். மோதல் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் பூட்டு விடுபட்டு இறக்கை பின்னால் சாயும். ஓர் இறக்கை சாய்ந்ததும் மோட்டார் நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் சமநிலை குலைந்து காற்றாடியே குலுங்கும். டிசி மோட்டாருக்குள் ஏற்கெனவே இருக்கும் மின்னணுச் சுற்று மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை உணரக்கூடியது என்பதால் இது பெரிய கூடுதல் செலவு அல்ல. அதே பூட்டைக் கையால் விடுவித்தால் இறக்கை கழன்று வரட்டும். ஏணியில் நின்று துடைப்பதற்குப் பதில், கீழே கொண்டுவந்து குழாயடியில் கழுவலாம். தீபாவளிச் சந்தைக் கூடாரங்களில் சில வாரத்துக்கு மட்டும் காற்றாடி கட்டிப் பிரிப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

ஏற்கப்பட வேண்டிய ஓர் எதிர்வாதம் மீதம் இருக்கிறது: இப்படி ஒன்றை யார் கேட்டு வாங்குவார்கள்? வாங்குபவர் பெட்டியில் பார்ப்பது வாட் எண்ணையும் விலையையும்தான். 2024இல் வீவக குடும்பங்களுக்குத் தலா 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்தபோது டிசி காற்றாடியும் பட்டியலில் இருந்தது. அது மோட்டாருக்குக் கிடைத்த ஊக்கம், இறக்கைக்கு அல்ல. இந்தியாவில் நிலைமை சற்று மேல். அங்கே 1.2 மீட்டர் காற்றாடி நிமிடத்துக்கு 210 கன மீட்டர் காற்றாவது தர வேண்டும் என்று தரநிர்ணயம் சொல்லிவந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் கூரைக் காற்றாடிக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பதை வைத்தே நட்சத்திரம். ஆனால் அந்தச் சோதனை விசாலமான ஆய்வுக்கூடத்தில் நடப்பது. 2.6 மீட்டர் கூரையின் கீழ், கூரையிலிருந்து 20 செண்டிமீட்டரில் தொங்கவிட்டு அளந்த எண்ணைப் பெட்டியில் அச்சிட்டால், மடங்கும் இறக்கையும் முறுகிய இறக்கையும் பழைய தகடும் எங்கெங்கே நிற்கின்றன என்பது விளம்பரம் இல்லாமலே தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். வீவக படுக்கையறை அளவில் ஓர் அறை, கட்டில் உயரத்தில் சில காற்றுவேக மானிகள், ஒரு மின்மானி போதும்.